நாற்பத்தோராம் கதிரை

பன்னிரண்டு வருடம் என் வேலை சரி போடுவது. கோடு கிழித்த தடித்த கொப்பி, நீலப் பேனை, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சரி. அறுபது பெண்களுக்கு நூற்றிருபது. தப்பு என்று புள்ளடி போட்ட ஞாபகம் ஐந்தாறு தடவைதான் இருக்கிறது. புள்ளடி போட்டால் அதற்கு வேறொரு தாள் நிரப்ப வேண்டும், மனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்த வேண்டும். சரி போட்டால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

தொழிற்சாலை கண்டியிலிருந்து திகனப் பக்கம் போகிற ரோட்டில் இருந்தது. இப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகச் சிப் வரும். குறைகடத்தி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அதைத்தான் என்று வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே விளங்கியது. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. அதைச் சாமணத்தால் எடுத்து, நகத்தளவு பச்சைப் பலகையில் வைத்துப் பொருத்தி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, தட்டில் அடுக்கி, ஜப்பானுக்கு அனுப்புவோம். அங்கே அது வாகனங்களின் பிரேக்குக்குள் போய் உட்காரும் என்றார்கள். எங்களில் ஒருத்தியிடமும் வாகனம் இல்லை.

எங்களுக்கு வாடிக்கையாளர் ஒரே ஒருவர். அந்த ஜப்பான் கம்பெனி. மனேஜர் ‘கஸ்டமர்’ என்று சொல்லும்போது குரல் தானாகவே இறங்கிவிடும், சாமி பெயரைச் சொல்வதைப்போல. அவர்கள் எங்களை நம்புகிற வரைக்கும்தான் இந்த அறுபது கதிரையும் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். அதில் பொய்யில்லை. கஸ்டமர் பல வருடமாக ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு தட்டோடும் ஓர் அட்டை போகும். அதில் வேலை செய்தவளின் கதிரை இலக்கம் இருக்கும், என் கையெழுத்து இருக்கும். அவர்கள் நம்பியது அந்த அட்டையை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. மனித உடம்பில் கண்ணுக்குத் தெரியாத மின் இருக்கிறது. நைலோன் துணி உரசினால் ஏறும்; தைமாசம், மாசிமாசம் கண்டியில் காற்று வறளுகிற காலத்தில் இன்னும் ஏறும். நமக்கு அது உறைக்காது. சிப்புக்கு உறைக்கும். அதிலும் மோசம், உடனே சாகாது. உள்ளுக்குள் காயம் பட்டபடியே எங்கள் சோதனை மெஷினில் தேறி, கப்பலேறி, அங்கே யாருடைய வாகனத்திலோ சில வாரம் ஓடி, ஒரு நாள் நின்றுவிடும். அதற்காகத்தான் எல்லாரும் இடது மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிக்கொள்ள வேண்டும். பட்டிக்குள் ஒரு தகடு இருக்கும். தகடு தோலில் பட வேண்டும். பட்டியிலிருந்து ஒரு வயர் மேசைக்குப் போகும். உடம்பு மின் அதன் வழியாக நிலத்துக்கு இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

காலையில் வாசலில் ஒரு சோதனைப் பெட்டி. பட்டியைக் கட்டிக்கொண்டு பெட்டியின் தகட்டைத் தொட்டால் பச்சை லைட் எரியும். நான் முதல் சரியைப் போடுவேன். பத்து மணிக்கு வரிசை வரிசையாக நடந்து, கதிரையில் இருக்கும்போதும் பட்டி ஒழுங்காகத் தோலில் படுகிறதா என்று பார்த்து இரண்டாவது சரியைப் போடுவேன். அந்த இரண்டாவது சரியைப் பற்றித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

நாற்பத்தோராம் கதிரையில் இருந்தவள் தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்திலிருந்து வருவாள். என்னை விட எட்டு வயது இளையவள். நான் கண்டி டவுன்காரி, அப்பா மாநகர சபையில் வேலை செய்தவர், அந்தப் பவுசு எனக்குக் கொஞ்சம் உண்டு. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முதல் நாளே என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “என்னாங்க அக்கா, இதுக்குப் பேரு சம்பலா?” என்று கேட்டவள். அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். கை மட்டும் அப்படியொரு கை. அவள் தட்டில் கழிவு விழுந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது, கோயிலில் மஞ்சள் கயிறு மந்திரித்து இடது மணிக்கட்டில் ஒன்பது சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் அசையக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். அது போதாதென்று புத்த பிக்குமாரின் பன்சலைக்கும் போய், அவர்கள் ஓதிக் கட்டுகிற பிரித் நூலையும் கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. கஷ்டம் வந்தால் எந்தக் கதவையும் தட்டுவோம். பன்சலையில் வலது கையில் கட்டத்தான் வந்தார்களாம். வலது கையில் நூல் இருந்தால் சாமணம் பிடிக்கும்போது சிப்பில் உரசும் என்று, அதையும் இடது கையிலேயே கட்டும்படி கேட்டாளாம். எவ்வளவு கவனம் பாருங்கள். இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் மெச்சினேன்.

ஆக, இடது மணிக்கட்டில் ஒரு விரல் அகலத்துக்குக் கயிறு. காலையில் வாசலில் பட்டியைக் கயிற்றுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டுவாள், தகடு தோலில் படும். பச்சை எரியும். சரி. பிறகு கதிரையில் இருந்து வேலை செய்யச் செய்ய, நாலாம் மாசத்திலிருந்தே வீங்கத் தொடங்கின கையில் பட்டி இறுக்கும். கீழே இழுத்துவிடுவாள். பட்டி கயிற்றின் மேல் மெத்தென்று உட்கார்ந்துகொள்ளும். தகடு தோலில் படாது. மேசையில் வயர் இருக்கிறது, கையில் பட்டி இருக்கிறது, நிலத்துக்கு ஒன்றும் இறங்கவில்லை.

பத்து மணிக்கு நான் நடந்து வருவேன். பார்ப்பேன். சரி போடுவேன்.

ஏன் போட்டேன் என்று பிற்காலத்தில் எத்தனையோ தரம் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கயிற்றைப் பற்றி வாய் திறக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பிள்ளையை இழந்தவளிடம் போய்க் கயிற்றைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது? சுவரில் மூன்று மொழியிலும் விதி ஒட்டியிருந்தது: வளையல் கூடாது, மோதிரம் கூடாது, கைக்கடிகாரம் கூடாது. கயிறு கூடாது என்று இல்லை. யார் எழுதுவார்கள்? மனேஜர் கையிலேயே பிரித் நூல் இருந்தது. வருடா வருடம் தொழிற்சாலையில் பிரித் ஓதி எங்கள் அறுபது பேருக்கும் நூல் கட்டினவரும் அவர்தான். அந்த நூல் ஒற்றை இழை; பட்டியைத் தடுக்காது. அவளுடையது தடுத்தது. அது எனக்குத் தெரியும். நல்லாகவே தெரியும். எப்படியும் கடைசிச் சோதனை மெஷின் பிடித்துவிடும் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். அந்த மெஷினால் பிடிக்க முடியாத காயம்தான் இது என்பதையும் என்னைக் கதிரையில் இருத்தி எப்போதோ படிப்பித்திருந்தார்கள்.

அவளுக்கு நிரந்தரக் கடிதம் கிடைக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அது கிடைத்தால் பிள்ளைப்பேற்று லீவு சம்பளத்தோடு. திரும்பி வந்தாலும் கதிரை இருக்கும். புருசனுக்கு நிலையான வேலை இல்லை. “கடுதாசி மட்டும் கையில வரட்டும் அக்கா, லயத்த விட்டுத் திகனயில ஒரு அறை எடுத்துருவோம்” என்று சோறு பிசைந்தபடி சொல்லுவாள்.

கஸ்டமரிடமிருந்து கடிதம்தான் முதலில் வந்தது, தொலைநகலில். வாகனங்களுக்குள் போன பிறகு எங்கள் சிப்புகள் சில செத்திருக்கின்றன. திறந்து பார்த்ததில் மின் அடித்த காயம். தட்டு அட்டைகளைப் பின்னோக்கித் தேடிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே கதிரை, நாற்பத்தொன்று. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் புதிய ஓடர் இல்லை. ஓர் ஆளை அனுப்புகிறோம்.

மனேஜர் அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். பிறகு போய்ப் பத்து மணி வரிசையை நடந்தேன். நாற்பத்தொன்றுக்கும் சரி போட்டேன்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். காதோடு காதாக, “பட்டியை மேல போடு” என்று மூன்று சொல். சொன்னால், இதுவரைக்கும் ஏன் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அதனால் சொல்லவில்லை.

வந்தவர் ஒல்லியான, நடுவயது இஞ்சினியர். அதட்டுவார், மேசையில் தட்டுவார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவர் எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, நாற்பத்தோராம் கதிரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில். அரை நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோய் வைத்தோம், ஆறிப்போனது.

நான் என் மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது பட்டியைக் கீழே இழுக்க மாட்டாள் என்று நினைத்தேன். அந்த மனிசன் கண் முன்னாலேயே, என்றைக்கும் போல, வலது கை விரலால் பட்டியை மெல்லக் கீழே இழுத்துக் கயிற்றின் மேல் விட்டுக்கொண்டு, அடுத்த சிப்பை எடுத்தாள். என்ன துணிச்சல் இவளுக்கு என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்த ஆத்திரம்தான்.

இஞ்சினியர் எழும்பி, பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்து, அவளிடம் அனுமதி கேட்கிற மாதிரித் தலையசைத்து, பட்டியிலும் தோலிலும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

மனேஜருடைய அறையில் நாங்கள் நாலு பேர். இஞ்சினியர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்பார். மனேஜர் அதைச் சிங்களத்தில் சொல்லுவார். அவள் தமிழும் சிங்களமும் கலந்து பதில் சொல்லுவாள். கயிறு என்ன என்று கேட்டார். சொன்னாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனேஜர் மெதுவாகத் தன் சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டதை நான் கண்டேன்.

பிறகு இஞ்சினியர் என் கொப்பியைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கதிரையில் இருக்கும்போது பார்த்ததற்கான இரண்டாவது நிரலில் விரலை வைத்து, இதைப் போட்டவர் பட்டி கயிற்றின் மேல் இருந்ததைக் காணவில்லையா என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது.

“இல்லைங்க சேர். அக்கா வர்ற நேரம் நான் மேல தள்ளிக்குவேன். அக்காவுக்குத் தெரியாது.”

மனேஜர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். இஞ்சினியர் எழுதிக்கொண்டார். நான் கொப்பியை மூடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

கயிற்றையே வெட்டிச் சான்றாகக் கொடுத்தால் கஸ்டமருக்கு நம்பிக்கை வரும் என்று மனேஜருக்கு அப்போதுதான் தோன்றியது. இஞ்சினியர் வேண்டாம் என்று கையசைத்தார், ஒரு படம் போதும் என்றார். மனேஜர் விடவில்லை. அவளோடு ஒன்றாகச் சாப்பிடுகிறவள் நான்தானே, நானே வெட்டட்டும் என்றார். “புள்ள பொறக்கட்டும் சேர், நானே கொண்டாந்து தாறேன்” என்று அவள் சொன்னாள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. கத்தரிக்கோலை என் கையில் தந்தார்கள். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். ஒன்பது சுற்று, ஒரே வெட்டில் போகவில்லை. மூன்று தரம் வெட்டினேன். தோலில் படாமல் வெட்டினேன், அதையும் சொல்ல வேண்டும். கயிறு இருந்த இடம் வெளிறி, பள்ளம் விழுந்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதிரை இலக்கம் எழுதி, கீழே என் கையெழுத்தை வைத்தேன். இஞ்சினியர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அறிக்கை எழுதியதும் நான்தான். என் ஆங்கிலம் பரவாயில்லை என்று பெயர். கஸ்டமருக்கு எழுதுகிற அறிக்கைக்கு ஒரு முறை உண்டு. ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். சிப் ஏன் செத்தது? மின் அடித்தது. ஏன் அடித்தது? பட்டி தோலில் படவில்லை. ஏன் படவில்லை? வேலையாள் கயிறு கட்டியிருந்தார். ஏன் கவனிக்கப்படவில்லை? பரிசோதகர் வரும் நேரத்தில் வேலையாள் பட்டியை நகர்த்தி மறைத்தார். இந்த நாலாவதை எழுதும்போது பேனை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, கையெழுத்துக் கூட நன்றாகவே விழுந்தது. ஏன் மறைத்தார் என்ற ஐந்தாவதற்கு, விதிகளைப் பற்றிய அறிவு போதாது என்று எழுதினேன்.

கஸ்டமர் ஏற்றுக்கொண்டார். ஓடர் திரும்பி வந்தது. பதிவுகள் மிகவும் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன, இது எங்கள் நம்பிக்கையை வலுப்படுத்துகிறது என்று ஒரு வரி இருந்தது. மனேஜர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். சுவரில் விதியோடு கயிறும் சேர்ந்தது, மூன்று மொழியிலும். மனேஜரின் பிரித் நூல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. என்னைத் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

அவளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பிள்ளை பிறக்கும் வரைக்கும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். நிரந்தரக் கடிதம் போகவில்லை, திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதமும் போகவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. தெல்தெனிய பஸ் எனக்கு எதிரே எத்தனையோ தரம் நின்றிருக்கிறது. பெண் பிள்ளை பிறந்து நல்லா இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். நல்லது என்றேன். மத்தியானத்தில் தனியாகச் சாப்பிட்டேன். சாப்பாடு ருசிக்காமல் போகும் என்று பார்த்தேன், ருசித்தது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு சட்டைத்துணி வாங்கத் திகனயில் ஒரு துணிக்கடைக்குள் போனேன். கண்டியில் வாங்கியிருக்கலாம், மழை பிடித்ததால் ஏறின கடை அது. கடைக்காரர், முஸ்லிம் நாநா ஒருவர், கல்லாவில் இருந்தார். துணி எடுத்துப் போடுகிறவள் அவள். கொஞ்சம் பெருத்திருந்தாள். என்னைக் கண்டதும், “ஐயோ அக்கா!” என்று மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் நினைத்திருந்தது இது இல்லை. மூலையில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது. “இதுதான் அக்கா. அந்தப் புள்ளதான்” என்றாள்.

தொழிற்சாலை இன்னும் நடக்கிறதா, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஒன்றிரண்டு துணியை விரித்துக் காட்டினாள். நான் அப்போதுதான், கண்ணைத் துணியில் வைத்துக்கொண்டே கேட்டேன்:

“அன்னக்கி ஏன் அப்படிச் சொன்ன? எனக்குத் தெரியாதுன்னு.”

“வேற என்னா சொல்றது அக்கா? உங்க மொகத்தப் பாத்தேன். ஒங்க வேலயும் போயிருமேன்னு.” துணியை மடித்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். “அந்த ரூமுக்குள்ளதான் அக்கா எனக்கே தெரிஞ்சுச்சு அது தப்புன்னு. இல்லாட்டி அந்த மனுசன் பாத்துக்கிட்டு இருக்கையிலயே பட்டியக் கயித்து மேல போடுவேனா?”

“உனக்குத் தெரியாதா?”

“பட்டி போடணும்னு தெரியும். கயித்து மேல இருந்தா ஆகாதுன்னு எப்படித் தெரியும்? டெய்லி பத்து மணிக்கு நீங்க வந்து பாக்குறீங்க. பாத்துட்டுச் சரி போட்டுட்டுப் போறீங்க. அப்போ சரிதானேன்னு இருந்தேன். தப்புன்னா அக்கா சொல்லிருப்பாங்க இல்ல?”

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அது வராது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கஸ்டமர் நம்பியது அட்டையை. என்னை நம்பிய ஆள் இவள் ஒருத்திதான்.

நீலத்தில் சின்னப் பூப்போட்ட துணியைத் தொட்டு, இதில் இரண்டு மீட்டர் என்றேன்.

மீட்டர்க்கோலை எடுத்துத் துணியை இழுத்துப் பிடித்து அளந்தாள். இரண்டாவது மீட்டர் முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் நிமிர்ந்தாள்.

“பாத்துக்குங்க அக்கா, சரியா?”

“சரி” என்றேன். நான் பார்க்கவில்லை.